நாண் இறக்கிய வில்

மிதிலையில் ஜனகன் வைத்த போட்டி இலக்கை வீழ்த்துவது அல்ல, வில்லில் நாண் ஏற்றுவது. பாஞ்சாலியின் சுயம்வரத்தில் இலக்கு உண்டு. ஆனாலும் வந்திருந்த அரசர்கள் பலர் நாண் ஏற்றும் கட்டத்திலேயே தோற்றுத் திரும்பினார்கள். கிரேக்கத்தில் ஹோமர் பாடிய ஒடிஸியிலும் இதே சோதனை வருகிறது. இருபது ஆண்டு கழித்து மாறுவேடத்தில் வீடு திரும்புகிறான் ஒடிசியஸ். அவன் மனைவியை மணக்க வந்து வீட்டை மொய்த்துக் கிடந்தவர்களால் அவனுடைய வில்லில் நாண் ஏற்ற முடியவில்லை.

கதை கேட்கும் குழந்தை இங்கே குறுக்கிட்டால் நியாயம்தான். இவ்வளவு பாடுபட்டு ஏற்ற வேண்டிய நாணை யார் கழற்றி வைத்தார்கள்? மாட்டியபடியே விட்டிருந்தால் என்ன?

வில்லோடு புழங்கியவர்கள் யாரும் அப்படி விடமாட்டார்கள். மரவில்லைப் பேணுவதில் முதல் விதியே, வேலை முடிந்ததும் நாணை இறக்கிவிடுவது. அதன் காரணத்தைத் தேடிப் போனால் மரம் எப்படி வளைகிறது, எப்படிக் களைக்கிறது, எங்கே நெரிகிறது என்பதெல்லாம் வரிசையாக வரும். கடைசியில், பழுது பார்ப்பது என்று நாம் சாதாரணமாக நினைப்பதற்கு நேர் எதிரான ஒரு வைத்தியமும் வரும்.

ஒரே கட்டை, இரண்டு வேலை

இந்த அத்தியாயத்துக்கு இங்கிலாந்தின் நெடுவில்லை எடுத்துக்கொள்வோம். கொம்பு, விலங்கு நரம்பு என்று எதையும் ஒட்டாமல் ஒரே கட்டையில் இழைத்த வில் அது; மரத்தின் குணம் கலப்பில்லாமல் தெரியும். சான்றும் ஏராளம். 1545 ஜூலை 19 அன்று எட்டாம் ஹென்றி மன்னரின் மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு அருகே மூழ்கியது. கப்பலின் உடல் 1982-ல் மேலே தூக்கப்பட்டது. அந்த அகழ்வில் 172 விற்கள் கிடைத்தன. அவற்றில் 137 முழுதாக இருந்தன. எல்லாம் யூ என்ற ஊசியிலை மரத்தில் செய்தவை. பெரும்பாலும் ஆள் உயரத்தைத் தாண்டியவை.

எய்பவர் வில்லை நடுவில் பிடிக்கிறார். பிடிக்கு மேலும் கீழும் நீளும் பகுதிகளைக் கிளைகள் என்று வைத்துக்கொள்வோம். கிளைகளின் நுனியில் நாணை மாட்டும் வெட்டுக்குக் குதை என்று பெயர். இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு, எய்பவரைப் பார்க்கும் பக்கம் வயிறு. நாணை இழுத்ததும் முதுகு நீள்கிறது, வயிறு சுருங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் நீளாமலும் சுருங்காமலும் ஓர் அடுக்கு சும்மா இருக்கிறது. அதிலிருந்து விலக விலகச் சிரமம் கூடும். ஆகவே வில்லின் பாரத்தை உண்மையில் தாங்குவது முதுகிலும் வயிற்றிலும் உள்ள மெல்லிய மேற்புறங்கள்தான்.

இந்த இரண்டு பக்கங்களும் சம பலம் உள்ளவை அல்ல. மரம் என்பது நெட்டுவாக்கில் நெருக்கிக் கட்டிய நுண்குழல்கள். குழலைப் பிடித்து இழுத்தால் எளிதில் அறாது. நெட்டுக்கு அழுத்தினால் அதன் சுவர் மடங்கிவிடும். மரம் இழுவையைத் தாங்கும் வலிமை, அழுத்தத்தைத் தாங்கும் வலிமையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதுகு பிளந்து வில் முறிந்தால் படீரென்று சத்தம் கேட்கும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். வயிறு நசுங்குவது யாருக்கும் கேட்பதில்லை. வில்லின் கேடு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

யூ மரத்தின் மதிப்பு இங்கேதான் புரியும். தச்சர்கள் வைரம் என்று சொல்லும் உள்மரம் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும்; பட்டையை ஒட்டிய வெளிறு என்ற வெளிமரம் இழுவைக்கு நன்றாக இசையும். வெளிறு முதுகாகவும் வைரம் வயிறாகவும் வரும்படி கட்டையைப் பிளந்தால் பாதி வேலை முடிந்தது. உள்நாட்டு யூ போதாமல், 1472-ல் இங்கிலாந்து ஒரு சட்டமே போட்டது: துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு டன் சரக்கோடும் நான்கு வில் கட்டைகள் வர வேண்டும்.

கழற்றிய பின்னும் நிமிராத வளைவு

மரப்பலகையில் கனமான புத்தகங்களை அடுக்கிச் சில ஆண்டு விட்டுவிட்டால் பலகை நடுவில் தொய்ந்துபோகும். புத்தகங்களை எடுத்த பிறகும் அந்தத் தொய்வு முழுதாகப் போகாது. முதல் நாள் ஏற்றிய அதே சுமைதான். ஒரு புத்தகம்கூடக் கூடவில்லை. கூடியது காலம் மட்டும்.

அமெரிக்காவின் மாடிசன் நகரில் உள்ள வனப்பொருள் ஆய்வகம் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இதை அளந்து காட்டியது. சில நிமிடங்களுக்கு 100 பங்கு சுமையைத் தாங்கும் உத்திரம், பத்து ஆண்டுகள் தொடர்ந்து தாங்க வேண்டுமானால் அதற்குச் சுமார் 60 பங்குதான் கொடுக்கலாம். கட்டடப் பொறியாளர்கள் இன்றும் மர உத்திரத்துக்கு இந்தக் கழிவைப் போட்டுத்தான் கணக்கிடுகிறார்கள். மாறாத சுமையின் கீழ் மரம் மெல்ல மெல்ல இணங்கிக்கொண்டே போவதை ஊர்வு என்று அழைக்கலாம்.

நாண் ஏற்றிய வில், யாரும் இழுக்காதபோதும் வளைந்தேதான் இருக்கிறது. முட்டியை மடக்கிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் எவ்வளவு உயரம் வருமோ அவ்வளவு இடைவெளி, சுமார் 15 சென்டிமீட்டர், நாணுக்கும் பிடிக்கும் நடுவே இருக்க வேண்டும் என்பது பழைய அளவு. அந்த நிலையில் ஒரு மாதம் சுவரில் தொங்கினால், வயிற்றிலுள்ள குழல்கள் ஒரு மாதம் ஓயாமல் நெருக்குண்டு கிடக்கின்றன. பிறகு நாணை இறக்கினாலும் வில் நேராகாது. எய்பவரை நோக்கி ஒரு வளைவு தங்கிவிடும். அதன் பெயர் நிலைவளைவு.

ஓரிரு சென்டிமீட்டர் நிலைவளைவு எந்த மரவில்லுக்கும் வரும்; அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஐந்து, ஆறு என்று போனால் வில் தூங்கி வழியும். நேரான வில்லை வளைத்து நாண் ஏற்றினால் நாண் தொடக்கத்திலிருந்தே விறைப்பாக இருக்கும். இழுக்கும் தூரம் முழுவதும் ஆற்றல் சேரும். ஏற்கெனவே வளைந்துபோன வில்லில் முதல் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் இழுப்பு ஏறக்குறைய வீண். கடைசி இழுப்பில் கை நடுங்கும் அளவுக்குக் கனம் இருக்கலாம். அம்பு மட்டும் சோம்பலாகப் போகும்.

ஆகவே எய்து முடித்ததும் நாணை இறக்க வேண்டும். இறக்கிய வில்லை மூலையில் சாய்த்து வைத்தால், அதன் எடையே கீழ்க்கிளையை நாள் முழுக்க வளைத்துக்கொண்டிருக்கும்; சுவரில் இரண்டு முளை அடித்துக் கிடைமட்டமாக வைப்பதே நல்லது. ஒடிசியஸ் தன் வில்லைக் கையில் வாங்கியதும் உடனே நாண் ஏற்றிவிடவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். தான் இல்லாத காலத்தில் புழு அரித்திருக்கிறதா என்று அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்க்கிறான். தோற்றுப்போன மாப்பிள்ளைகளோ வில்லை நெருப்பில் காட்டி, கொழுப்பைத் தடவி, இளக்கப் பார்த்தார்கள். சூடு பட்டால் வில் இளகும் என்பது சரியான அறிவியல்தான். ஹோமர் வில்லை அறிந்தவர் என்று நினைக்கத் தோன்றுகிறது.

மழையைவிடப் பொல்லாத மூடுபனி

மேரி ரோஸ் மூழ்கிய அதே 1545-ல் லண்டனில் ஒரு நூல் அச்சாகியது. ராஜர் அஸ்கம் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் எழுதிய ‘டாக்சோஃபிலஸ்’, வில்வித்தை பற்றி ஆங்கிலத்தில் அச்சான முதல் நூல். பின்னாளில் இளவரசி எலிசபெத்துக்குப் பாடம் சொன்னவர் இவர். வில்லைப் பேணும் பகுதிகளில் அஸ்கம் சொல்வதைக் கேட்டால் நுணுக்கமான ஒரு தச்சரோடு பேசுவதுபோல இருக்கும். மெழுகு தடவிய துணியால் வில்லைத் தினமும் பளபளக்கும்வரை தேய்க்கச் சொல்கிறார். கல் சுவருக்குப் பக்கத்தில் வைக்காதே, ஈரம் ஏறி வலுவிழக்கும். நெருப்புக்குப் பக்கத்திலும் வைக்காதே, நொறுங்கும் தன்மை வந்துவிடும் என்கிறார். இவற்றோடு, புழுங்கலான மூடுபனி நாட்கள் மழையைவிட வில்லைக் கெடுக்கும் என்றும் எழுதுகிறார்.

மழையைவிட மூடுபனியா? காரணம் மரத்தின் தாகத்தில் இருக்கிறது. உலர்ந்த கட்டையிலும் நீர் உண்டு. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால், மரம் தன் உலர்ந்த எடையில் சுமார் 9 விழுக்காடு நீரைப் பிடித்துக்கொள்ளும். காற்றின் ஈரம் 80 விழுக்காட்டுக்கு ஏறினால் மரத்தின் நீர் 16-ஐ எட்டும். இந்த மாற்றம் ஒரு நொடியில் நடப்பதில்லை, நாட்கணக்கில் ஊறும். மெழுகு பூசிய வில்லில் மழைத்துளி உருண்டு விழுந்துவிடும், துணியால் துடைத்தும் விடலாம். காற்றில் கலந்த நீராவியை மெழுகு தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஆளிவிதை எண்ணெய்க்கு அந்தச் சாமர்த்தியமும் குறைவு.

ஊறிய மரத்துக்கு என்ன ஆகிறது என்பதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. மரத்தில் நீர் ஒவ்வொரு விழுக்காடு ஏறும்போதும் அதன் விறைப்பு ஏறக்குறைய 2 விழுக்காடுதான் குறைகிறது. அழுத்தத்தைத் தாங்கும் வலிமையோ 5, 6 விழுக்காடு குறைகிறது. நீர் 9-லிருந்து 14-க்குப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். விறைப்பில் பத்தில் ஒரு பங்கு போகும். எய்பவர் கைக்கு வில் கொஞ்சம் மெதுவாகிவிட்டது என்று மட்டும் தெரியும். அதற்குள் வயிற்றின் தாங்குதிறனில் கால்வாசி போயிருக்கும். நேற்று தாங்கிய அதே இழுப்பு இன்று நசுக்கிவிடும். அதிகமாகக் காய்ந்தாலோ வேறு ஆபத்து: விறைப்பு கூடும், ஆனால் இணங்கும் குணம் போய்விடும், முதுகு திடீரென்று பிளக்கும். மரவில் செய்பவர்கள் மரத்தின் நீரை 8-லிருந்து 10 விழுக்காட்டுக்குள் வைக்கப் பார்ப்பது இதற்காகத்தான்.

வால்மீகியில் சிவதனுசு எட்டுச் சக்கரமுள்ள இரும்புப் பெட்டியில் வருகிறது. இராமனின் வலிமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மிதிலைச் சபையில் வில் செய்யும் தச்சர் ஒருவர் இருந்திருந்தால், பெட்டிக்குள் எத்தனை கோடை கடந்தது என்று கட்டாயம் கேட்டிருப்பார்.

நெரிவு: ஒரு கணக்கு

வயிற்றுப் பக்கம் அளவுக்கு மீறி நெருக்குண்டால், குழல்களின் சுவர் ஒரே வரிசையில் மடங்கும். வெளியே அது மரத்தின் ரேகைக்குக் குறுக்கே ஓடும் மெல்லிய கோடாகத் தெரியும்; நகத்தால் தடவினால் உணரலாம். இதற்கு நெரிவுக்கோடு என்று பெயர் வைப்போம். மடங்கிய குழல் மறுபடி நிமிராது. எந்தப் பசையும் எண்ணெயும் அதை நிமிர்த்தாது. இனிச் செய்யக்கூடியது, அது பரவாமல் நிறுத்துவதுதான்.

நெரிவைக் கண்டதும் கைக்கு முதலில் தோன்றுவது, அந்த இடத்தில் நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது. பயனில்லை. கட்டு, மரம் பக்கவாட்டில் விரிவதைத் தடுக்கும். நெட்டுக்குச் சுருங்குவதைத் தடுக்காது. அப்படியானால் என்ன செய்வது? ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் விடை தெளியும்.

50 பவுண்டு வில் ஒன்று, அதாவது முழுதாக இழுத்தால் சுமார் 23 கிலோ எடையைத் தூக்கிப்பிடிக்கும் பலம் கேட்கும் வில். கிளையின் தடிமன் 20 மில்லிமீட்டர் என்று கொள்வோம். நிஜத்தில் நுனியை நோக்கி ஒல்லியாகும். கணக்குக்காக அதை மறந்துவிடலாம். முழுதாக இழுத்தபோது கிளை ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டுபோல வளைகிறது. சும்மா இருக்கும் நடு அடுக்கிலிருந்து வயிற்றின் மேற்புறம் 10 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. 1000-க்கு 10, ஆக வயிற்று மரம் நூற்றில் ஒரு பங்கு சுருங்குகிறது. நல்ல வில் மரங்கள் தாங்கும் எல்லை ஏறக்குறைய அதுதான்.

இந்தக் கிளையில் ஓரிடத்தில் மட்டும் தடிமன் 18 மில்லிமீட்டர். செய்தபோது அரம் இரண்டு இழுப்பு அதிகம் போயிருக்கும், அல்லது கீறலைப் போக்குகிறேன் என்று யாராவது உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருப்பார்கள். பத்தில் ஒரு பங்குதானே? மரத்தின் விறைப்பு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. தடிமனை மூன்று முறை பெருக்கிய விகிதத்தில் அது மாறும். 0.9 பெருக்கல் 0.9 பெருக்கல் 0.9, அதாவது 0.73. இரண்டு மில்லிமீட்டர் போனதில் விறைப்பில் நூற்றுக்கு 27 போய்விட்டது.

நாணின் இழுப்பு அந்த இடத்துக்கு மட்டும் இரக்கம் காட்டாது. அதே விசைக்கு அந்த இடம் கூடுதலாக வளைகிறது. வட்டத்தின் ஆரம் 100 சென்டிமீட்டரிலிருந்து 73-ஆகக் குறுகுகிறது. மேற்புறம் நடு அடுக்கிலிருந்து இப்போது 9 மில்லிமீட்டர்தான். மெலிந்ததால் அந்த அளவுக்கு லாபம். ஆனாலும் 730-க்கு 9 என்றால் 1.23 விழுக்காடு. மற்ற இடமெல்லாம் எல்லைக்குள் இருக்க, இந்த விரற்கடை நீளம் மட்டும் எல்லையைத் தாண்டி நெரிகிறது. நெரிந்ததால் இன்னும் இளகுகிறது, இன்னும் வளைகிறது. கிளை அங்கே கீல்போட்ட கதவுபோல மடங்கத் தொடங்கும்.

பலவீனமான இடத்துக்குப் பலம் சேர்க்க வழியில்லை. சரி, பலமான இடங்களைப் பலவீனமாக்கினால்? கிளை முழுவதையும் வயிற்றுப் பக்கமாகச் சுரண்டி 18 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்துவிடுங்கள், நெரிந்த இடத்தைத் தொடாமல். வளைவு மறுபடி கிளை முழுதும் பகிர்ந்துகொள்ளப்படும். ஆரம் எங்கும் ஒரு மீட்டர், மேற்புறத் தூரம் 9 மில்லிமீட்டர், சுருக்கம் 0.9 விழுக்காடு. நோய் வந்த இடம் 1.23-லிருந்து 0.9-க்கு இறங்கிவிட்டது, வில் முழுவதும், புதிதாக இருந்ததைவிடப் பத்திரமான நிலைக்கு வந்துவிட்டது. ஒரு கிளையை மட்டும் சுரண்டினால் வில் ஒருபக்கமாகக் கோணும், மற்றதையும் அதே கணக்கில் இழைக்க வேண்டும். கூலி என்ன? விறைப்பு 0.73 ஆனதால் 50 பவுண்டு வில் 36, 37 பவுண்டு வில்லாகிவிட்டது.

அஸ்கம் இந்தப் பெருக்கல் எதையும் போடவில்லை. ஆனால் சிறு நெரிவுகளைக் கண்டதும் அவற்றைச் சுற்றியுள்ள மரத்தைச் சுரண்டி, அதுவும் நெரிந்த இடத்துக்கு ஈடாக வளையும்படி இளக்கிவிடு; நெரிவு வளராமல் அங்கேயே அடங்கிவிடும் என்ற பொருளில் அதே வைத்தியத்தை 1545-ல் எழுதிவைத்திருக்கிறார். இந்தக் கேடு பெரும்பாலும் கணுவில் தொடங்கும் என்பதையும் அவர் கவனித்திருக்கிறார். கணுவைச் சுற்றி நார்கள் திசை மாறுகின்றன. அங்கே மரம் மெலிவு. நல்ல தச்சர்கள் கணுவைச் சமமாக இழைத்துவிடாமல் கொஞ்சம் மேடாகவே விட்டுவைப்பார்கள் என்கிறார். பார்வைக்கு அழகில்லாத அந்த மேட்டை விஷயம் தெரியாதவர் உப்புத்தாளால் தேய்த்தால் அங்கேயே ஒரு நெரிவைப் போட்டுக்கொடுத்ததாகிவிடும்.

இன்று சிலர் நெரிந்த பகுதியை ஆழமில்லாமல் வெட்டியெடுத்து, அதே மரத்துண்டை ஒட்டிச் சமன் செய்கிறார்கள். துண்டின் இரு முனையும் நீளமாகச் சரிந்து மெலிய வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டிய விளிம்பே அடுத்த மெலிவிடமாகிவிடும். கை தேர்ந்தவர்கள் செய்யும் வேலை. நான் அஸ்கம் கட்சி.

முதுகில் எழும் சிம்பு

முதுகின் கதை வேறு. அங்கே இழுவை. நார் முழுநீளத்துக்கும் அறுபடாமல் ஓடும்வரை பயமில்லை. ஒரு வெட்டுக்காயம் பட்டாலோ, செதுக்கும்போது ஆண்டு வளையம் ஒன்றைக் குறுக்கே அறுத்துவிட்டாலோ, அறுபட்ட நாரின் முனை இழுப்பில் மேலே பெயரத் தொடங்கும். அதுதான் சிம்பு. வயிற்றுக்கு உதவாத கட்டு இங்கே உதவும். நீர்போன்ற மெல்லிய பசையைப் பிளவுக்குள் ஊறவிட்டு, அழுத்திக் காயவைத்து, பிளவின் இரு முனையையும் தாண்டிப் பட்டு நூலையோ ஆளி நூலையோ பசையில் தோய்த்து நெருக்கமாகச் சுற்றுவார்கள். இழுவையைத் தாங்குவது நூல் அல்ல, சிம்பு மேலெழாமல் அமுக்கிப் பிடிப்பதே அதன் வேலை. பிளவு நாருக்குக் குறுக்கே போயிருந்தால் இந்த வித்தை பலிக்காது.

வில் உடைவதற்கு அஸ்கம் சொல்லும் காரணங்கள் நான்கு: நாண், அம்பு, அளவுக்கு மீறிய இழுப்பு, நெரிவு. நாணை அவர் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. 50 பவுண்டு வில்லை முழுதாக இழுத்தால் அதில் சுமார் 55 ஜூல் ஆற்றல் தேங்குகிறது. விட்டதும் பெரும்பகுதியை அம்பு எடுத்துக்கொண்டு பறந்துவிடும். நைந்த நாண் அந்தக் கணத்தில் அறுந்தாலோ, அம்பில்லாமல் விளையாட்டாக நாணைச் சுண்டிவிட்டாலோ, அத்தனையும் கிளைகளுக்கே திரும்பும். நாணுக்குத் தேன்மெழுகு தடவுவதும், இழை பிரிந்ததும் தயங்காமல் மாற்றுவதும் வில்லுக்கே செய்யும் பராமரிப்பு.

மிச்சமான வில்லை என்ன செய்வது

36 பவுண்டுக்கு இறங்கிய நம் வில்லுக்குத் திரும்புவோம். அதன் வலுவில் கொஞ்சத்தை மீட்க ஒரு வழி இருக்கிறது: இரண்டு நுனியிலும் சில சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதிய குதை வெட்டுவது. குட்டையான வில் அதே இழுப்புக்கு அதிகம் வளைய வேண்டியிருப்பதால் கனம் கூடும். இதனால் வயிற்றின் சுருக்கமும் கூடும் என்பது உண்மை. ஆனால் 0.9-க்கும் 1-க்கும் நடுவே நாம் சம்பாதித்து வைத்த இடைவெளி இருக்கிறதே, அதைத்தான் செலவழிக்கிறோம். அஸ்கமும், புது வில்லைக் களத்தில் எய்து பார்த்து, எங்கே அதிகம் வளைகிறது என்று கண்டுகொண்டு, திரும்பத் தச்சரிடம் போய்க் குறுக்கி இழைத்து வளைவை வட்டமாக்கிக்கொள்ளச் சொல்கிறார்.

எப்படி இழைத்தாலும், திருத்திய வில்லை உடனே முழுதாக இழுக்கக் கூடாது. பாதி இழுப்பில் பல முறை பழக்கி, நாணை இறக்கி, வயிற்றை விரலால் தடவிப் பார்த்து, பழைய கோடு நீண்டிருக்கிறதா என்று கவனித்துத்தான் இழுப்பைக் கூட்ட வேண்டும். கோடு வளர்ந்திருந்தால் சுரண்டல் போதவில்லை என்று பொருள்.

குறுக்க மனமில்லாவிட்டால் வில்லைச் சிறுவர்களுக்குக் கொடுத்துவிடலாம். அன்றைய இங்கிலாந்தில் அதற்குத் தேவை இருந்தது. 1541-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வீட்டில் 7 வயதிலிருந்து 17 வயதுவரை உள்ள ஒவ்வொரு பையனுக்கும் ஒரு வில்லும் இரண்டு அம்புகளும் வைத்திருக்க வேண்டும் என்றது. பெரிய பையனுக்கு 36 பவுண்டு சரியாக இருக்கும். ஏழு வயதுக்காரனுக்கு என்றால் இன்னும் நன்றாகவே சுரண்ட வேண்டும்.